தோற்ற தேர்தலையும் எழுதுங்கள்: எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

உங்கள் மணிவிழாவையொட்டி அச்சிட்ட பொதுவாழ்வு மலர், தொகுதியிலுள்ள அரசுப் பள்ளிகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் இலவசமாக வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் அலுவலக முன்கூடத்தில் இந்தத் தொகுதியின் உறுப்பினர்கள் வரிசை என்று ஒரு புதிய பலகையும் மாட்டியிருக்கிறார்கள். இரண்டையும் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். இரண்டிலும் எங்கள் தொகுதியின் வரலாறு பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி கைதவறி விட்டுப்போனதாகத் தெரியவில்லை. கட்சிக்காரர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் மலராக இருந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அது பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. வாக்குப்பெட்டிக் காலத்திலும் எலக்‌ஷன் டியூட்டி பார்த்திருக்கிறேன், 2001 தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மின்னணு இயந்திரம் வந்த பிறகும் பார்த்திருக்கிறேன். ஒரு பூத்தில் பதிவான வாக்குகளைப் படிவம் 17சி-யில் எழுதி, ஒவ்வொரு ஏஜென்ட்டிடமும் கையெழுத்து வாங்கி, நகலைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். கணக்கில் ஒரு வாக்கு இடித்தாலும் அன்று இரவு தூக்கம் கிடையாது. அப்படி ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்து எழுதிய வரலாற்றை ஒரு மலரில் விருப்பம்போல் வெட்டி ஒட்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மலர் உங்களை மூன்று முறை மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் என்கிறது. உண்மைதான். ஆனால் நீங்கள் ஐந்து முறை போட்டியிட்டீர்கள். முதல் தேர்தலில் தோற்றீர்கள். இரண்டாவதில் வென்றீர்கள், அப்போது இருந்த கட்சியின் சின்னத்தில். பதவிக்காலம் பாதிகூட முடியாத நிலையில் ராஜினாமா செய்துவிட்டு இப்போதைய கட்சிக்கு வந்தீர்கள். அதனால் வந்த இடைத்தேர்தலில் நீங்களே நின்று தோற்றீர்கள். அப்புறம்தான் அடுத்த இரண்டு வெற்றிகளும். இந்த ஐந்தில் மூன்றுதான் மலரில் உள்ளன. முதல் கட்சியின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. முதல் வெற்றி ஊர்வலத்தின் படம் மட்டும் இருக்கிறது. அந்தப் படம் அன்று நாளிதழில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கொடி இருந்த பக்கத்தை வெட்டிவிட்டுத்தான் மலரில் போட்டிருக்கிறார்கள்.

மலரை அடிப்படையாக வைத்து மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டியும் நடத்தினீர்கள். எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், தன் தாத்தா சொன்னதைக் கேட்டு, நீங்கள் இடைத்தேர்தலில் தோற்றதையும் அதன் பிறகு மீண்டு வந்து வென்றதையும் எழுதினாள். உங்களைக் குறைத்துச் சொல்ல அவள் எழுதவில்லை. தோல்விக்குப் பிறகும் தளராதவர் என்று பாராட்டித்தான் எழுதினாள். திருத்தியவர்கள் அந்த வரியின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டு, தகவல் தவறு என்று குறித்திருக்கிறார்கள். அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து, "டீச்சர், தாத்தா பொய் சொன்னாரா?" என்று கேட்டாள். இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். உண்மையை எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்திருக்கிறது, உங்கள் பெயரில் நடந்த போட்டியில்.

தேர்தலில் தோற்பது மறைக்க வேண்டிய விஷயமா ஐயா? அறிஞர் அண்ணா 1957இல் காஞ்சிபுரத்தில் வென்றார், 1962இல் அதே காஞ்சிபுரத்தில் தோற்றார். ஐந்தாண்டுகள் கழித்து அவர் கட்சி ஆட்சியைப் பிடித்து அவர் முதலமைச்சரானார். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த காமராஜர் 1967இல் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். பிறகு 1969இல் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் வென்றார். ஜெயலலிதா முதலமைச்சராக இருந்துகொண்டே 1996இல் பர்கூரில் தோற்றார், 2001இல் திரும்பவும் ஆட்சிக்கு வந்தார். இவர்கள் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரும் இந்தத் தோல்விகளை விட்டுவிட்டு எழுதுவதில்லை. 1957இல் குளித்தலையில் தொடங்கி 2016இல் திருவாரூர் வரை நின்ற 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் வென்ற கருணாநிதி போன்றவர்கள் அபூர்வம். மற்ற எல்லோருக்கும் வெற்றியும் தோல்வியும் சேர்ந்ததுதான் பொதுவாழ்வு.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தோல்வி என்பது உங்களுக்கு மட்டும் நடந்தது கிடையாது. அன்று நாங்கள் எடுத்த முடிவு அது. அந்த இடைத்தேர்தலில் உங்களை வேண்டாம் என்று வாக்களித்தவர்களும் இந்தத் தொகுதியின் மக்கள்தான். பூத் வாரியான முடிவுகளைக் காட்டும் படிவம் 20-ஐ எடுத்துப் பாருங்கள். எங்கள் ஊர் பூத்தில் முதல் வெற்றியின்போது உங்களுக்கு விழுந்த வாக்குகளில் பாதிகூட இடைத்தேர்தலில் விழவில்லை. ஏன் விழவில்லை என்று உங்களுக்குத் தெரியும். கட்சி மாறியதை ஊர் ஏற்கவில்லை. அந்தத் தேர்தலை மலரிலிருந்து எடுத்தால் எங்கள் வாக்கையும் சேர்த்தே எடுக்கிறீர்கள்.

ராஜினாமா பற்றி மலரில் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வருத்தம். நீங்கள் செய்தது சட்டத்துக்கு எதிரானது அல்ல. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இலிருந்து இருக்கிறது. பதவியில் இருந்துகொண்டே கட்சி மாறினால் அது பாயும். ராஜினாமா செய்துவிட்டுப் போகிறவரை அது தொடாது. அந்த வகையில் நீங்கள் மக்கள் முன்னால் திரும்ப வந்து நின்றீர்கள், அதை நான் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் விலகிய நாளிலிருந்து புதிய உறுப்பினர் பதவியேற்கும்வரை எங்களுக்கு யாரும் இல்லை. அதற்கு நாங்கள் என்ன விலை கொடுத்தோம் என்பதும் உங்கள் பொதுவாழ்வில் ஒரு பகுதிதானே.

எங்கள் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓடும் ஓடையில் ஒரு சிறு பாலம் கேட்டிருந்தோம். தொகுதி மேம்பாட்டு நிதியில் எடுத்துக்கொள்வதாக நீங்களே நேரில் வந்து சொன்னீர்கள். இடத்தை அளந்து மதிப்பீடும் போட்டார்கள். நீங்கள் ராஜினாமா செய்ததும் கோப்பு அப்படியே நின்றுவிட்டது. கேட்டுப் போனால், பரிந்துரைக்க உறுப்பினர் இல்லை என்றார்கள். பிறகு இடைத்தேர்தல் அறிவிப்பு வந்தது, நடத்தை விதி அமலில் இருக்கிறது, புதிய வேலை தொடங்கக் கூடாது என்றார்கள். அந்த மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார்கள். தண்ணீர் ஏறிய நாட்களில் வரவே இல்லை. வருகைப் பதிவேட்டில் அந்த நாட்களுக்கு ஆப்சென்ட் போட்டது நான்தான். பாலம் பிறகு வந்தது, உங்களுக்கு அடுத்து வந்த உறுப்பினர் காலத்தில். மலரில் அந்தப் பாலத்தின் படம் உங்கள் சாதனைகள் வரிசையில் இருக்கிறது.

காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு சொல்கிறது. மீதிக் காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் விதிவிலக்கு. நடைமுறையில் வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்துக்கொண்டே போவதும் உண்டு. 2017 செப்டம்பரில் 18 உறுப்பினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் முதலில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புத் தந்து, மூன்றாவது நீதிபதியிடம் போய், 2018 அக்டோபரில்தான் தகுதி நீக்கம் செல்லும் என்று முடிவானது. அந்தத் தொகுதிகளுக்கு 2019 ஏப்ரலிலும் மே மாதத்திலும் இடைத்தேர்தல் நடந்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் 18 தொகுதி மக்களுக்குப் பேரவையில் குரல் இல்லை. சமீபத்தில் விளவங்கோட்டில், மூன்று முறை தொடர்ந்து வென்றவர் 2024இல் ராஜினாமா செய்து வேறு கட்சிக்குப் போக, மக்களவைத் தேர்தலோடு இடைத்தேர்தல் நடத்த வேண்டியிருந்தது. ஒரு உறுப்பினர் எடுக்கும் முடிவுக்குப் பின்னால் இப்படி ஒரு தொகுதியே காத்துக் கிடக்கிறது. அதனால்தான் ஏன் விலகினீர்கள் என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்கிறேன். இத்தனை ஆண்டுகளில் அதற்கு ஒரு பதிலை நாங்கள் உங்கள் வாயால் கேட்டதில்லை.

சரி, பலகைக்கு வருகிறேன். இதில் நடந்திருப்பது மலரில் நடந்ததைவிடப் பெரிய தவறு.

பலகையில் 1957ஆம் ஆண்டுக்கு நேராக ஒரே ஒரு பெயர் இருக்கிறது. அந்தத் தேர்தலில் நம் தொகுதி இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய ஒரு இடம், ஒரே தொகுதியில் இரண்டு உறுப்பினர்கள். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். 1952இலும் 1957இலும் இந்த முறை இருந்தது, 1961இல் சட்டம் கொண்டுவந்து நீக்கினார்கள், 1962 தேர்தலில் எல்லாம் ஒற்றை உறுப்பினர் தொகுதிகள் ஆயின. பலகையில் பொது இடத்தில் வென்றவர் இருக்கிறார். ஒதுக்கிய இடத்தில் வென்றவர் இல்லை.

அவர் ஒரு சேரிக்கு மட்டும் உறுப்பினராக இருந்தவர் இல்லை. தொகுதி முழுக்க, எல்லாத் தெருக்காரர்களும் போட்ட வாக்கில் வென்று, சென்னையில் பேரவையில் மற்றவருக்குச் சமமாக உட்கார்ந்தவர். பேருந்து போகாத ஊர்களுக்கு சைக்கிளில் போய் மனு வாங்குவார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் பேத்தி என்னிடம் படித்தவள். உங்கள் அலுவலகத்துக்கு வருமானச் சான்றிதழ் விஷயமாக வந்தபோது பலகையைப் பார்த்திருக்கிறாள். மேலிருந்து கீழே வரை தேடியிருக்கிறாள். அங்கிருந்த உதவியாளரிடம் கேட்டதற்கு, "எங்களுக்குக் கொடுத்த லிஸ்ட்ல இவ்வளவுதாம்மா இருந்துச்சு" என்று பதில் வந்திருக்கிறது. அந்த லிஸ்ட்டை யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தேர்தல் ஆணையத்தின் 1957 தேர்தல் அறிக்கையில் இரண்டு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தால் பத்து நிமிட வேலை. பொது இடத்துக்காரர் பெயரை எழுதும்போது அடுத்த வரியைத் தாண்டிப் போக ஒரு மனம் வேண்டும். அதை நான் அச்சுப்பிழை என்று எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

அவர் பெயரையும் அந்த அறிக்கைப் பக்கத்தின் நகலையும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு உங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

மலரின் நடுப்பக்கத்தில் வளரும் ஆதரவு என்று ஒரு படம். உங்கள் மூன்று வெற்றிகளின் வாக்கு வித்தியாசத்தையும் ஏறுமுகமாக நிறுத்தியிருக்கிறார்கள். முதல் வெற்றி பழைய எல்லையில் வந்தது. 2008 தொகுதி எல்லை மறுவரையறைக்குப் பிறகு, 2011 தேர்தலிலிருந்து நம் தொகுதியில் ஒரு ஒன்றியத்தின் பெரும்பகுதி வெளியே போய், வேறு ஊராட்சிகள் உள்ளே வந்துவிட்டன. வாக்காளர் எண்ணிக்கையும் கூடிவிட்டது. இரண்டு வேறு தொகுதிகளின் எண்களை ஒரே கோட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவது கணக்குப்படியே தவறு. வாக்கு சதவீதத்தைப் போட்டு, எல்லை மாறியதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் போதும்.

உங்களுக்குச் சாதகமானதையும் விட்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு வெற்றியை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு நடந்தது, அது தள்ளுபடி ஆனது. நேர்மையாக வென்றதாக நீதிமன்றமே சொன்னதை எதற்கு மறைக்க வேண்டும்? தேர்தல் வழக்கு என்பது சின்ன விஷயம் கிடையாது. 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 வாக்குகள்தான். எங்களைப் போன்ற தேர்தல் ஊழியர்கள் போடும் தபால் வாக்குகளில் தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லுமா என்ற கேள்விதான் தோற்றவர் தொடுத்த வழக்கின் மையம். 2019இல் உயர்நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, முடிவை அறிவிக்க உச்சநீதிமன்றம் தடை விதித்தது, ஐந்தாண்டு பதவிக்காலமே முடிந்துபோனது. இதையெல்லாம் மாணவர்கள் தெரிந்துகொண்டால் வாக்கின் மதிப்பு தானாகப் புரியும்.

பிரமாணப் பத்திரங்களைப் பற்றியும் கேட்கிறேன். 2002, 2003 உச்சநீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு வேட்பாளர்கள் சொத்து, கடன், கல்வி, வழக்கு விவரங்களைப் படிவம் 26-இல் தர வேண்டியிருக்கிறது. உங்கள் முதல் தேர்தலுக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. மற்ற நான்குக்கும் உண்டு. அவற்றில் உள்ள வழக்குகளில் பெரும்பாலானவை மறியல், ஆர்ப்பாட்டம் தொடர்பானவை என்று நானே படித்துப் பார்த்தேன். வெளியே வைக்கத் தயங்க ஒன்றும் இல்லை. ஆனால் ஊரில் பலருக்கு இவை எங்கே கிடைக்கும் என்றே தெரியாது. ஆணையத்தின் பழைய தேர்தல் அறிக்கைகளும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. உங்கள் பெயரே மூன்று தேர்தல்களில் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருக்கிறது, இனிஷியல் ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால். ஒரு பள்ளி மாணவர் இதைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிபார்ப்பது நடக்காத காரியம். அவருக்குத் தமிழில் கையில் கிடைப்பது நூலகத்தில் இருக்கும் உங்கள் மலர் ஒன்றுதான். அதனால்தான் அதில் இருப்பது முழுதாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

கடைசியாக, பேரவை. திருமண வீடுகளிலும் திறப்பு விழாக்களிலும் எடுத்த படங்கள் மலர் முழுக்க இருக்கின்றன. நீங்கள் பேரவையில் கேட்ட ஒரு கேள்விகூட இல்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நம் பகுதி ஏரி தூர்வாருவது பற்றி மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசியதை நான் நாளிதழில் படித்தேன். அமைச்சர் என்ன பதில் சொன்னார், என்ன உறுதிமொழி தந்தார், அது நிறைவேறியதா, எந்தக் குழுவில் உறுப்பினராக இருந்தீர்கள், எத்தனை நாள் அவைக்குப் போனீர்கள் என்பவைதான் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பணி வரலாறு. அவை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. உங்கள் உதவியாளர் ஒருவரை ஒரு வாரம் உட்கார வைத்தால் தொகுத்துவிடலாம். ஆள் இல்லை என்றால் நானும் என் பழைய மாணவர்கள் சிலரும் வந்து செய்து தருகிறோம், ஒரு ரூபாய் வேண்டாம்.

இனி என் கோரிக்கைகள்.

பலகையில் 1957க்கு நேராக இரண்டாவது பெயரை, முதல் பெயரின் அதே எழுத்தளவில் சேர்க்க வேண்டும். சேர்க்கும் நாளில் அவர் குடும்பத்தாரை அழைத்து, அவர்கள் முன்னிலையில் செய்ய வேண்டும். இது எல்லாவற்றுக்கும் முதலில் நடக்க வேண்டும், இதற்குப் புதிய அச்சும் நிதியும் தேவையில்லை.

பள்ளிகளிலும் நூலகங்களிலும் இருக்கும் மலர்ப் பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். திருத்திய பதிப்பில் நீங்கள் நின்ற ஐந்து தேர்தல்களும் ஆண்டு, கட்சி, சின்னம், வாக்கு, சதவீதம், வித்தியாசம், எதிர்த்து நின்றவர் பெயர் ஆகிய விவரங்களோடு வர வேண்டும். ராஜினாமா செய்ததற்கும் கட்சி மாறியதற்கும் காரணத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். நாங்கள் ஏற்போமா மாட்டோமா என்பது வேறு, காரணம் அச்சில் இருக்கட்டும். ஓடைப் பாலத்தை யார் காலத்தில் கட்டினார்களோ அவர் பெயரோடு போடுங்கள். பேரவையில் நீங்கள் கேட்ட கேள்விகளும் கிடைத்த பதில்களும் தனிப் பகுதியாக வரட்டும்.

நான்கு பிரமாணப் பத்திரங்களின் நகல்களையும், கூடவே எளிய தமிழில் ஒரு சுருக்கத்தையும் உங்கள் அலுவலகத்தில் யார் கேட்டாலும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

கட்டுரைப் போட்டித் தாள்களை மறுபடி திருத்தச் சொல்லுங்கள். அந்த மாணவி எழுதியது சரி என்று அவள் பள்ளிக்கு உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் போக வேண்டும்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், எப்போது என்பதை வரும் கிராம சபைக் கூட்டத்துக்கு முன் எழுத்தில் தெரிவியுங்கள். பதில் வந்தால் கூட்டத்தில் அதை அப்படியே வாசிப்பேன். வராவிட்டால் இந்த மடலை வாசித்து, பலகையைத் திருத்தக் கோரும் தீர்மானத்தை அங்கே முன்மொழிவேன்.

இப்படிக்கு,
உங்கள் தொகுதி வாக்காளர், ஓய்வுபெற்ற ஆசிரியை